கோடு போட்ட சுவர்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் தவிர அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. இயக்குநர்கூட ஒருமுறை கூட்டத்தில் "நம்ம பெட்டியக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, இருமிச் சமாளித்தார்.

பெட்டி என்றால் எலிப்பெட்டி. மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத நீள அறையில் எட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் பழைய காலத்து டிவி அளவு. உள்ளே ஒரு சின்ன நெம்புகோல், அதற்கு மேல் ஒரு விளக்கு, மேலேயிருந்து தொங்கும் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை எலியின் முதுகில் தைத்திருக்கும் பொத்தான் வழியாக ரத்தக்குழாய்க்குப் போகும். எலி நெம்புகோலை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், விளக்கு எரியும், துளி போதைமருந்து உள்ளே இறங்கும். எலிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தற்செயலாக ஒரு தடவை கால் பட்டால் போதும். நாலு நாளில் அதற்கு அதுவே தொழிலாகிவிடும்.

பெட்டியக்கா முதலில் அந்தக் கட்டடத்தில் வராந்தா பெருக்கித் துடைக்கிறவளாகத்தான் இருந்தாள். ஆராய்ச்சி மாணவர்கள் எலியைப் பிடிக்கப்போய் விரலில் பிளாஸ்டர் ஒட்டாத நாள் கிடையாது. ஒருநாள் கூண்டிலிருந்து தப்பித்து வராந்தாவுக்கு ஓடிவந்த எலி ஒன்று அவளுடைய துடைப்பத்தின் மேல் ஏறி, கையில் ஏறி, முழங்கையில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த மேடம், "நாளையிலேர்ந்து நீங்க உள்ள வந்துடுங்க" என்றார்.

மேடம் நரம்பியல் ஆராய்ச்சி செய்கிறவர். குள்ளமான, வேகமாக நடக்கிற, பேனா மூடியைக் கடித்தே தீர்க்கிற மனுஷி. போதைக்கு மூளை எப்படிப் பழகுகிறது, பழகியதை எப்படி விடுகிறது, விட்டது ஏன் திரும்பி வருகிறது என்பதுதான் பதினைந்து வருஷமாக அவருடைய வேலை. அதில் மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் தூக்கத்தைக் கொடுத்திருந்தார். பெட்டியக்காவுக்கு முதல் இரண்டும் தெரியும். மூன்றாவதைப் பற்றி அவள் யோசிக்கவே மாட்டாள். யோசித்தால் தம்பி ஞாபகம் வரும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்கா வீட்டிலேயே, பின்பக்க அறையில் தங்கியிருந்தான். வாயைத் திறந்தால் சிரிக்க வைக்காமல் மூட மாட்டான். "நான் பாக்குற வேலையில மட்டும்தான்க்கா ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு" என்பான். ஒருநாள் இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஊசி விடவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தியதும் தெருவில் தேடிப் போனான். ஜன்னல் ஓரம் ஒரு மர நாற்காலி, நீலத் திரை, சாத்திய கதவு என்று இரண்டு வருஷம் அந்த அறைக்குள்ளேயே ஓடிப்போனது.

அப்புறம் ஒருநாள் அவனாகவே வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "என்னை எங்கயாவது கொண்டுபோய் விடுக்கா" என்றான். பக்கத்து ஊர் மறுவாழ்வு இல்லத்தில் ஏழு மாதம் இருந்தான். கன்னம் உப்பி, கண் தெளிந்து, பழைய கிண்டலோடு திரும்பி வந்தான். வந்த மூன்றாம் நாள் மத்தியானம், அக்கா வராந்தா துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே நாற்காலியில் அதே ஊசியோடு செத்துக் கிடந்தான். எப்போதும் போட்டுக்கொள்கிற அளவுதான் போட்டிருக்கிறான் என்றார்கள்.

ஊர் சொன்னதைத்தான் அவளும் நம்பினாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்றார்கள். ஏழு மாதமும் நடித்தான், என்னை ஏமாற்றிவிட்டுப் போனான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த அறையைப் பூட்டினாள். அவன் படம் எதையும் மாட்டவில்லை. ஆறு வருஷம் ஆகியும் அவனுக்காக அவள் வாய்விட்டு அழுததில்லை. வீட்டுக்காரர் பஸ் டிரைவர், பேச்சுக் குறைவு. அவர்தான் எப்போதாவது, "மச்சான் இருந்தா இந்நேரம் ஏதாவது சொல்லி சிரிக்க வெச்சிருப்பான்" என்பார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எலிகளுக்கு எண்தான் உண்டு, பெயர் வைக்கக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். பெட்டியக்கா மனசுக்குள் வைத்துக்கொள்வாள். அந்த வருஷம் பதினேழாம் எண்ணுக்கு வாத்தியார் என்று பெயர். எதைக் கண்டாலும் இரண்டு கால் ஊன்றி நின்று, மூக்கைத் தூக்கி, தப்பு கண்டுபிடிக்கிற மாதிரி பார்க்கும்.

மேடத்தின் புதுச் சோதனை இப்படி. பெட்டியின் உள்சுவர்களைத் தகடு தகடாகக் கழற்றி மாற்றலாம். முதலில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சுவர், மூலையில் வினிகர் நனைத்த பஞ்சு. அந்தப் பெட்டியில்தான் எலி போதைக்குப் பழகும். பிறகு அதே எலியைக் கோடு இல்லாத வெள்ளைச் சுவருக்கும் எலுமிச்சை வாசனைக்கும் மாற்றுவார்கள். அங்கே எத்தனை தடவை அழுத்தினாலும் மருந்து வராது. கொஞ்ச நாள் எலி அழுத்திப் பார்க்கும், கோபப்படும், பிறகு விட்டுவிடும். சுவரை மாற்றுவது, பஞ்சு வைப்பது, எலியை உள்ளே விடுவது எல்லாம் பெட்டியக்காவின் வேலை.

வாத்தியார் பத்து நாளில் விட்டுவிட்டது. கடைசி இரண்டு நாள் நெம்புகோல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் சுருண்டு தூங்கியது. "தேறிட்டேடா ராசா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

பதினோராம் நாள் மேடம் பழைய சுவரைப் போடச் சொன்னார். "மருந்து கிடையாது. வெறும் பெட்டிதான். என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்."

கோடு போட்ட சுவரைச் செருகி, வினிகர் பஞ்சை வைத்து, வாத்தியாரைக் கையில் எடுத்துப் பெட்டி வாசலில் வைத்தாள். அது நின்றது. உள்ளே போகாமல் மூக்கை மட்டும் நீட்டியது. உடம்பு முழுக்க நடுங்கியது. நேரமாகிறதே என்று அவள் உள்ளங்கையால் அதன் முதுகை லேசாகத் தள்ளிவிட்டாள். கதவை மூடினாள்.

டிக். டிக். டிக்.

ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்று நாலு தடவை. ஒரு சொட்டு வரவில்லை. பெட்டியக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். 

"மேடம், விட்டுருச்சே. பத்து நாளா விட்டுருச்சே."

"விட்டது அந்த வெள்ளைச் சுவத்துக்குள்ள" என்றார் மேடம், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். தன் விஷயத்தைக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் இருந்தது. "மறக்கிறதுன்னு ஒண்ணு இல்லவே இல்லைக்கா. 'இங்க வராது'ன்னு புதுசா ஒண்ணைக் கத்துக்குது, அவ்வளவுதான். அது அந்த இடத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய இடத்தைக் காட்டினா பழைய பாடம் எழுந்திரிச்சுடும். எலி மேல தப்பே இல்லை."

"மனுசங்களுக்கும் அப்படித்தானா மேடம்?"

"அதுக்குத்தானே இவ்வளவும். அதுலயும் மனுஷங்களுக்கு இன்னொரு ஆபத்து. விட்டு நாலஞ்சு மாசம் ஆனா உடம்புக்குத் தாங்கற சக்தி போயிடும். ஆசை பழைய அளவைக் கேக்கும், அதைத் தாங்க உடம்பு இருக்காது. நிறையப் பேர் வீடு திரும்பின முதல் வாரத்துலதான் போயிடறாங்க."

பெட்டியக்கா எலியை எடுத்துக் கூண்டில் விட்டாள். பஞ்சை எறிந்தாள். சுவர்களைக் கழுவிக் காயவைத்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

தம்பி திரும்பி வருகிற நாளுக்கு முன்னால் அவள் ஒரு வாரம் லீவு போட்டு அந்த அறையைத் தயார் பண்ணியிருந்தாள். அதே நீலத் திரையைத் துவைத்து, அதே கம்பியில் மாட்டினாள். நாற்காலி ஆடிய காலைச் சரிபண்ணி, அதே ஜன்னல் ஓரத்தில், தரையில் பதிந்திருந்த தடத்தின் மேலேயே வைத்தாள். பிள்ளை வேற்றாளாக உணரக்கூடாது பாருங்கள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே போகவில்லை. "என்னடா வேடிக்கை பாக்குற? உன் ரூம்தான்டா, போ உள்ள" என்று சிரித்துக்கொண்டே அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

செத்து ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத தம்பி, அவள் படிக்கட்டில் உட்கார்ந்த அன்றிலிருந்து வர ஆரம்பித்தான். பயமுறுத்த வரவில்லை. பட்டப்பகலில், அவள் துணி உலர்த்தும்போதோ குழம்புக்குப் புளி கரைக்கும்போதோ, கண்ணோரத்தில் பையோடு நிற்பான். திரும்பினால் கதவு நிலைதான் இருக்கும். பஸ்ஸில் முன்சீட்டில் யாருடைய முதுகைப் பார்த்தாலும் அவன் முதுகாக இருந்தது. உள்ளங்கையில் அவன் சட்டைத் துணியின் சூடு ஏறும். சோப்புப் போட்டுக் கழுவுவாள். போகாது.

"தூக்கத்துல கையை உதறிக்கிட்டே இருக்கியே, என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மரத்துப் போகுது."

"டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டிட்டேன். இதுக்கு மருந்து இல்லையாம்."

கோபம் இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது அதுவும் கையைவிட்டுப் போயிற்று. கோபித்துக்கொள்ள அவளைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டு எலிகள் வந்தன. இந்தத் தடவை மேடம் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார். கோடு போட்ட சுவருக்குத் திரும்பும் நாளில், உள்ளே விடுவதற்கு முன்னால் பாதி எலிகளுக்கு அந்த மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று யாருக்கும் தெரியாது. சீட்டு ஒரு உறைக்குள் ஒட்டி மேடத்தின் மேஜையில் இருந்தது. மருந்து பலித்தால், பழைய இடத்துக்கு வந்தாலும் எலி நெம்புகோலைத் தொடாது. பலித்தால் மனிதர்களுக்கும் கொண்டுபோகலாம்.

முதல் நாள் நாலு எலிகளை உள்ளே விட்டாள். நாலும் அழுத்தித் தள்ளின. இரண்டாம் நாள் முதல் எலி வாசலில் நின்று நடுங்கியது. பெட்டியக்காவின் உள்ளங்கை அதன் முதுகுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. எலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் கோடு போட்ட தகடுகளை உருவி, வெள்ளைத் தகடுகளைச் செருகினாள். வினிகருக்குப் பதிலாக எலுமிச்சை. எலியை உள்ளே விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் படுத்துத் தூங்கியது.

அன்று நாலு எலிகளுக்கும் அப்படியே செய்தாள். தாளில் 'கோடு' என்று எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் அது. அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவன் யாரோ ஒரு ஆளாகத்தான் இருந்தான்.

மூன்றாம் நாள் மேடமும் கூடவே நின்றதால் மீதி நாலை ஒழுங்காகத்தான் விட வேண்டியிருந்தது. நான்காம் நாள் உறையைப் பிரித்தார்கள். சற்று நேரத்தில் மேடம் அறையை விட்டு ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா! மருந்து போட்டது ஆறு எலி. அதுல மூணு தொடவே இல்லை. சுத்தமா பூஜ்யம்! உப்புத் தண்ணிலயும் ஒண்ணு சும்மா இருந்திருக்கு, அது ஏதோ சோம்பேறி. ஆனா பாதிக்குப் பாதி! பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மாணவர்கள் கை தட்டினார்கள். திங்கட்கிழமை இயக்குநர் கூட்டத்தில் சொல்வதாக முடிவானது. பெட்டியக்காவும் சிரித்து வைத்தாள். 

இரண்டு நாள் தாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அறையை, தள்ளியதை, சுவரை மாற்றியதை. அவர் பாதிச் சவரத்தோடு திரும்பி உட்கார்ந்தார். கன்னத்து நுரை காய்ந்தது.

"எலியைக் காப்பாத்திட்ட" என்றார் கடைசியில். "சரி. அந்த மருந்தை நம்பி ஒருத்தன் பழைய ரூமுக்குத் திரும்பிப் போவானே, அவனை யாரு காப்பாத்துவா?"

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்னாலேயே அவள் கதவருகில் நின்றாள். மேடம் கையில் வரைபடங்கள் போட்ட காகிதக் கட்டு.

"மேடம், அது மருந்து இல்லை."

"எது?"

"அந்த நாலு எலியும். மருந்து இல்லை மேடம். சுவரு. நான்தான் மாத்தினேன்."

மேடத்துக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பெட்டிகளுக்கு மேலிருந்த கேமராவின் பதிவைத் திறந்தார். நாலு பெட்டியிலும் வெள்ளைச் சுவர். எண்களை மட்டுமே பார்க்கிற அவசரத்தில் படத்தை யாரும் பார்க்கவில்லை. காகிதக் கட்டை மேஜையில் வைத்தார். 

"ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அப்போதுதான் அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அழாமல், எலி விவரம் சொல்கிற மாதிரியே சொன்னாள். ஏழு மாதம், மூன்று நாள், நீலத் திரை, நாற்காலி. மேடம் ஆறுதல் சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரூமை மாத்தணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"யாரு சொல்வா மேடம்?"

மேடம் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரிய தாள் தொங்கியது. ஏதோ ஒரு மாநாட்டுக்காக மேடம் தயாரித்தது. மேலே எலியின் படம், பக்கத்தில் இரண்டு பெட்டி, ஒன்றில் கோடு, ஒன்றில் வெள்ளை, கீழே நெருக்கமான இங்கிலீஷ் எழுத்து.

"இது எட்டு வருஷமா இங்கதான் மாட்டியிருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

"தெரியும் மேடம்" என்றாள் பெட்டியக்கா. "நான் தினம் துடைச்சிருக்கேன்."

விஷயத்தை மூடி மறைக்க முடியாது, மேடமும் மறைக்கவில்லை. இயக்குநருக்கு எழுதினார். அவளை ஒரு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். திரும்பி வந்ததும் கீழ்த்தளத்தில் கூண்டு கழுவுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். சோதனையை மேடம் முதலிலிருந்து செய்தார். மருந்து பலிக்கவில்லை. பன்னிரண்டில் பன்னிரண்டும் அழுத்தின.

அதன்பின் ஒருநாள் மேடம் கூண்டு கழுவும் இடத்துக்கு இறங்கி வந்தார். ஈரத் தரையில் செருப்பு வழுக்க, கையில் ஒரு தாள். போதையை விட்டு வீடு திரும்புகிறவர்களின் குடும்பத்துக்காக எழுதியதாம். "படிச்சுப் பாருங்கக்கா. புரியுதான்னு சொல்லுங்க."

"சூழல்சார் தூண்டல்னா என்ன மேடம்?"

"அது வந்து… பழைய இடம்."

"அப்ப பழைய இடம்னே எழுதுங்க."

அப்படி அடித்து அடித்து, கடைசியில் தாளில் ஏழெட்டு வரிகள் மிஞ்சின. முதல் வரி அவளுடையது: அவங்க வர்றதுக்கு முன்னாடி அறையை மாத்துங்க. நாலாவது வரியும் அவளுடையதுதான்: பழைய அளவு இப்போ விஷம், இதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. கீழே சந்தேகம் கேட்க ஒரு ஃபோன் நம்பர் வேண்டும் என்றார் மேடம். பெட்டியக்கா தன் நம்பரைக் கொடுத்தாள்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவளே மறுவாழ்வு இல்லத்துக்குப் போனாள். தம்பி அங்கே இருந்த காலத்துக் காப்பாளர்தான் இன்னும் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். தாளை வாங்கி முதல் வரியைப் படித்தவர், அதற்கு மேல் படிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. சொல்லாம இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

"சொல்லுங்க."

"கிளம்பறதுக்கு முந்தின நாள் உங்க தம்பி என்கிட்ட வந்தான். அந்த ரூமுக்குப் போகப் பயமா இருக்கு சார், வேற எங்கயாவது கொஞ்ச நாள் தங்கிக்கிறேன்னான். அக்காகிட்ட சொல்லுப்பான்னேன். அதுக்கு அவன், 'அக்கா ஒரு வாரமா லீவு போட்டு ரூமை அப்படியே ரெடி பண்ணி வெச்சிருக்காம் சார். ஃபோன்ல அவ்வளவு சந்தோஷமா சொல்லுச்சு. எப்படி வேணாம்னு சொல்றது? மனசு விட்டுப்போயிரும்'னான். நானாவது ஃபோன் பண்ணியிருக்கணும். குடும்ப விஷயம்னு விட்டுட்டேன்."

பெட்டியக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதமும் அவன் நடிக்கவில்லை. மூன்று நாள்தான் நடித்திருக்கிறான். அதுவும் அவளுக்காக.

ஆறு வருஷத்து அழுகையும் அந்தக் காப்பாளர் அறையில்தான் வந்தது. காப்பாளர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தாள் பரவியது. மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கூப்பிடுவார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டால் போதுமா, வாசனைக்கு என்ன செய்வது, பக்கத்துத் தெருவில் பழைய கூட்டாளிகள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததை மேடத்திடம் கேட்டுச் சொல்வாள். பூட்டிய அறையை வீட்டுக்காரர் திறந்து சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். அவள் அதில் போய் உட்காரவில்லை, திரும்பப் பூட்டவும் இல்லை. பையோடு நிற்பவன் இன்னமும் வருகிறான். அவன் போய்விடுவான் என்று அவள் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு அம்மா கூப்பிட்டாள். வயதான குரல். பின்னால் யாரோ எதையோ தரையில் இழுக்கிற சத்தம்.

"பையன் நாளைக்கு வர்றான்மா. எல்லாத்தையும் மாத்திட்டோம். ஆனா வீடு ஒரே ரூம். சுவரை என்ன பண்றது? என்ன கலர் அடிக்கலாம்?"

"முன்னாடி என்ன கலர் இருந்துச்சு?"

"பச்சை."

"அப்ப பச்சையைத் தவிர எது வேணும்னாலும் அடிங்கம்மா. அவன் வந்ததும் உள்ள போன்னு சொல்லாதீங்க. வாசல்லயே நின்னா, நிக்கட்டும். நீங்களும் கூட நில்லுங்க."

"சரிம்மா" என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டாள். அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. நல்லபடியாக இருந்தால் கூப்பிடத் தோன்றாது என்கிறார் மேடம். இருக்கலாம். நம்பர் பெட்டியக்காவிடம் இருக்கிறது. ஃபோனை எடுப்பாள், பார்ப்பாள், அழுத்தாமல் வைத்துவிடுவாள்.